அழிக்கும் முன் நீ கேட்டது

இன்று மதியம் வார்டு கணினியில் காணாமல் போன ஒரு ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தேன். மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டதும், அதுவரை இல்லாத ஃபோல்டர்கள் வெளிறிய மஞ்சளில் வந்து நின்றன. கை மவுஸிலேயே நின்றுவிட்டது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

நாம் ரயிலில் சிநேகமானவர்கள். நான் முலுண்டில் ஏறுவேன், நீ பாண்டுப்பில். சயானில் இறங்கி தாராவிக்கு நடப்பாய். அங்கே ஒரு தோல் பைப் பட்டறையில் கணினி வேலை முழுக்க உன் தலையில்.

அந்த வருஷம் நான் வார்டுப் பொறுப்பு நர்ஸாவதற்கான சிஸ்டர் இன்சார்ஜ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வயது வரம்புப்படி அதுவே கடைசி வாய்ப்பு. பாடப் புத்தகங்கள் எல்லாம் ஈ-ரீடரில், வீட்டுக் கணினியில் இருந்த ஒரு செயலி வழியாக ஏற்றியவை. பெண்கள் பெட்டியில் நின்றபடியே படித்து, கோடு போட்டு, குறிப்பு எழுதி வைத்திருந்தேன். தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு புத்தகமும் திறக்கவில்லை. 'இந்தக் கருவிக்கு அனுமதி இல்லை' என்றது. உதவி எண்ணில் கேட்டதற்கு, வீட்டுக் கணினி வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, அவருடைய பாஸ்வேர்டு வேண்டும் என்றார்கள். அந்த வேறொருவர் என் கணவர். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரிப்பேர் கடைக்காரர் கணினியை முழுசாகத் துடைத்துவிடலாம் என்றார்.

இதை உன்னிடம் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"ஏட்டி, டென்ஷன் எடுக்காத. ஞாயித்துக்கெழம நான் வாரேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டர யார்ட்டயும் குடுத்துராத."

சொன்னபடி வந்தாய். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். "எங்க படிச்சேன்? பட்டறையில பில் போடுற சாஃப்ட்வேர் மூணு நாள் படுத்துட்டு. தோண்டித் தோண்டிப் பாத்தேன், அவ்வளவுதான்."

மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லி டிக் போட்டு, வந்த ஃபோல்டர்களை ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போனாய். கடைசியில் ஒரு சின்ன ஃபைல். யாருக்கும் புரியாத எழுத்துகளுக்கு நடுவே அவருடைய ஈமெயில் முகவரி. நீ மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாய்.

"இது அண்ணன் பேருல்லா?"

"ஆமா."

"இது இங்க இருக்கவரைக்கும் உனக்கு வழி விடாது. அழிச்சிரவா, இல்ல பேர மாத்தி ஓரமா வைக்கவா? நீ சொல்லாம நான் தொடமாட்டேன்."

அந்த ஒரு வருஷத்தில் பேங்கில், ரேஷன் ஆபீஸில், கரண்ட் ஆபீஸில் எல்லாம் அவர் பெயரை அடிக்க என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அழிக்கவா, வைக்கவா என்று யாரும் கேட்டதில்லை.

"வை," என்றேன்.

வேறு பெயர் கொடுத்து, வேறிடத்தில் பத்திரமாக வைத்தாய். செயலியை மறுபடி திறந்ததும் யார் பெயர் என்று புதிதாகக் கேட்டது. கீபோர்டை என் பக்கம் தள்ளினாய். "உன் பேரப் போடு."

புத்தகம் திறந்தது. நான் போட்ட கோடுகள் போட்ட இடத்திலேயே இருந்தன. "பஸ், அவ்வளவுதான். போயிப் படி," என்று இந்தி கலந்து சொல்லிவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தாய்.

நான் தேறியதை நீதான் பெட்டி முழுக்க இந்தியில் கூவினாய். நன்றி சொல்ல வாயெடுத்த போதெல்லாம் "சும்மா கெட" என்று அடக்கினாய். போன மழைக்காலத்தில் உனக்கு நாலே நாள் காய்ச்சல். பாண்டுப்பில் நீ ஏறாத ஐந்தாம் நாள்தான், நீ போய்விட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லாத அந்த நன்றியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வார்டில் ஒருவர் இறந்துவிட்டால் படுக்கையைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டும். அடுத்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார். முன்பெல்லாம் நானும் அவசரப்படுத்துவேன். போன வாரம் ஒரு தையல்காரர் இறந்தார். அவருடைய கண்ணாடி, சீப்பு, பாதி பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் ஆயா கறுப்புப் பையில் போடப் போனார். நிறுத்தச் சொன்னேன். தையல்காரரின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் எடுத்து வைக்கவாம்மா?"

அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் காத்திருந்தேன். பிறகு சீப்பை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.