தோளுக்குப் பின்னால் எறிந்த இலை

ஜப்பான்
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு, நிஷாலினி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மடுல்சீமையில் இன்னும் மழைதானா?

"அப்படி என்னதான் புள்ள அங்க பாக்குற?" என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

இருட்டறையில் கடுகுச் செடி மாதிரி ஒரு சின்னச் செடி இருக்கிறது. உள்ளே கால்சியம் கூடும் இடமெல்லாம் ஒளிரும்படி வளர்த்தது. ஓர் இலையைக் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னார் பேராசிரியர். லீவு நாட்களில் உங்களோடு மலைக்குக் கொழுந்து கிள்ள வந்த கை அல்லவா, இலையைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டது. அது அவர் மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. முதுகில் கூடை இல்லையே, அம்மா.

அவர் திட்டவில்லை. செடியைப் பார் என்றார். கிள்ளிய இடத்திலிருந்து ஒரு வெளிச்சம் புறப்பட்டு, நான் தொடாத இலைகளுக்கும் மெல்ல ஓடியது. அந்தக் கால்சியம் வந்து ஒட்டியதும், சும்மா கிடந்த ஒரு புரதம் விழித்துக்கொள்கிறது. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திக் கங்காணி வேலை பிரிப்பதுபோல மற்றப் புரதங்களை ஏவி, செடியைக் காயத்துக்குத் தயார்படுத்துகிறது. அதைத்தான் படிக்கிறேன்.

தேயிலைத்தூள் அனுப்பும்போது உங்கள் பழைய தலைத்துண்டையும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ் வருகிறது. தேயிலைச் செடிக்குள்ளும் அந்தக் கால்சியம் இப்படித்தான் ஓடும் என்று நினைக்கிறேன். இது கிடைத்த மறுநாள் கொழுந்து கிள்ளியதும் கொஞ்சம் நின்று அந்தச் செடியைப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பாருங்கள், அம்மா.

மகள்
நிஷாலினி