ஓவர்டைம் கப்பலில் ஒருவன் தூங்குகிறான்

அன்பு மச்சான் காதருக்கு,

இதை நானே எழுதுகிறேன். நம்ப மாட்டாய். சமூக மன்றத்து முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சுகம் தெரியுமா! முதலில் உன் பெயரைத்தான் எழுதிப் பார்த்தேன்.

நம் விளையாட்டு திரும்பி வந்துவிட்டது. நாம் வேலை பார்த்த செம்பவாங் கப்பல் பட்டறையில் ஒரு மாலுமி உனக்குக் கொடுத்துவிட்டுப் போனானே, அந்தப் பெட்டி. மந்திரவாதிகளும் கடல்நாகங்களும் உள்ள அந்த உலகத்தை நீ ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் கதையாகச் சொல்வாய். நானும் ராஜேந்திரனும் அதற்குள் ஆளுக்கொரு வேடம் போடுவோம். பிழைப்போமா சாவோமா என்பதைப் பகடை சொல்லும். எனக்குப் படிக்கத் தெரியாதென்று என் தாளில் பலத்துக்கு ஒரு வாளும் உயிருக்கு ஓர் இதயமும் வரைந்து கொடுத்தாய். ராஜேந்திரன் சிரித்தான். "நீ உன் தாளைப் பாரு லா" என்றாய்.

விளையாட்டைச் செய்த கம்பெனி அதைப் பாதியில் கைவிட்டது. இரண்டாம் பெட்டிக்காக நீ எத்தனை கடை ஏறி இறங்கினாய்! இப்போது அதே விளையாட்டு புதுப் பதிப்பாகக் கடைக் கண்ணாடி அலமாரியில், பொன் எழுத்தோடு. வேண்டாதபோது புதைத்தார்கள், வேண்டும்போது தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒரு விளையாட்டுக்கு இது முடிகிறது. உனக்கு ஏன் முடியவில்லை?

உன் மகள் ஃபாத்திமா ஃபேரர் பார்க்கில் ஒரு கடையின் மாடியில் இப்போது உன்னைப் போலவே விளையாட்டுக்குக் கதை சொல்கிறாள். போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டிருந்தாள். போனால், புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராஜேந்திரன்!

"டேய் முத்தையா, நம்ம உலகம் திரும்பி வந்துடுச்சு லா!"

நீ படுக்கையில் கிடந்து ஒரே ஒரு ஆட்டம் கேட்டபோது, புக்கிட் பாத்தோக்கிலிருந்து வர தூரம் என்றவன். ரயில் ஓடுகிற ஊர், மச்சான். மூன்று பேர் சேராமல் நீ ஆட மாட்டாய். அந்த ஆட்டம் நடக்கவே இல்லை.

ஃபாத்திமா புதுப் புத்தகத்தைப் படித்துச் சொன்னாள். கதை இப்போது நூறு வருஷம் தள்ளி நடக்கிறதாம். நாம் கட்டிக் காத்த துறைமுகத்தைக் கடல் கொண்டுவிட்டதாம். ஒரே வரிதான். அங்கே யார் இருந்தார்கள் என்று எழுதியவனுக்குத் தெரியுமா?

உன் ஆள் இருந்தான். கதை சொல்பவனாக இருந்தும் ஆசைக்கு நீ வைத்துக்கொண்ட கிழப் படகோட்டி. நம் மேசை வழக்கம் உனக்குத் தெரியும். ஷிப்ட் மாறி ஒருவன் வர முடியாவிட்டால், அவன் ஆள் நம் ‘ஓவர்டைம்’ கப்பலில் தூங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். தூங்குகிறவன் மேல் பகடை உருட்டக் கூடாது. நீ மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து உன் படகோட்டி அந்தத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலில்தான் தூங்குகிறான்.

"காதர் ஆளு செத்துட்டான் லா. புக்லயே போட்டிருக்கு" என்றான் ராஜேந்திரன்.

"காதர் வரலை. அவ்வளவுதான்" என்றேன்.

"அதுக்காக நூறு வருஷமா தூங்குவான்?"

"நீ வராதப்போ உன் மந்திரவாதி எத்தனை வருஷம் தூங்கினான்? யாராவது தொட்டோமா?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஃபாத்திமா கையிலிருந்த பகடையை மூடி வைத்துவிட்டாள். "கடல் ஏறினா ஊருதான் முங்கும் மாமா. கப்பலும் சேர்ந்து ஏறும்ல?" என்று வரைபடத்தையும் பென்சிலையும் என்னிடம் தள்ளினாள். வெறும் நீலமாக இருந்த இடத்தில் ‘ஓவர்டைம்’ என்று நானே எழுதினேன். எழுத்து கோணல்தான். ஆனால் மிதக்கிறது.

பிறகு ஆடினோம். என் பகடை ஒரு கடல்நாகத்தைச் சாய்த்தது. கூட ஆடிய இளம் பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கத்தினார்கள். நான் உன்னைப் பார்க்கத் திரும்பினேன். ஆட்டம் நன்றாக இருந்தது, மச்சான். அதுதான் கசக்கிறது.

நான் இருக்கும்வரை உன் ஆள் மேல் பகடை விழாது. என்றாவது ஒரு ஞாயிறு நான் வராமல் போனால், என் ஆளையும் அங்கேயே படுக்க வைக்கச் சொல்லி ஃபாத்திமாவிடம் கேட்டிருக்கிறேன். அப்போது கொஞ்சம் நகர்ந்து இடம் விடு.

அதுவரை கப்பலில் விழித்திருக்கும்
உன் மச்சான் முத்தையா