நடுக்கட்டத்து மஞ்சள் துணி

அக்கா,

சின்னவளுக்கு விரிப்பு தைக்கலாம் என்று மலைக்கோட்டைப் பக்கத்துக் கடையில் புதுத் துணி வாங்கி வந்தேன். மடிப்பைப் பிரித்ததும் கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது. "புள்ளை தூங்கவா, இல்லை வெறைச்சுக்கிட்டுக் கெடக்கவா?" என்று நீங்கள் கேட்பது போலிருந்தது. நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஓரத்தில் கறுப்பு மை தடவி உங்கள் வீட்டுக்காரர் போட்ட கார்டைப் படித்தவுடன் கிழித்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பார்கள். நான் இன்னும் கிழிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஏழு வருஷத்துக்கு முன்பே, நீங்கள் படிக்கக்கூடிய காலத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஆறு வயது மகளும். அவர் மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்கு முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவார். என் மாமியார் கோயிலுக்குப் போனதும் நான் பின்கட்டுக்கு வந்துவிடுவேன். பெரியவன் அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

விரிப்பு தைக்க நீங்கள் சாக்கட்டியால் தரையில் ஏழுக்கு ஏழு புள்ளி வைப்பீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு துணித் துண்டு. தாமரைக் கோலம், தேர்க் கோலம் எல்லாம் துணியாக எழும். கல்லூரியில் மிஞ்சிய கிராஃப் தாளில் நான் அதைக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்வேன். சாயங்காலம் கொள்ளிடக் கரைப் பூந்தோட்டங்கள் வரை நடப்போம். கனகாம்பரப் பாத்தி, அதை ஒட்டி மரிக்கொழுந்து, அப்பால் சம்பங்கி. நீங்கள் இடுப்பில் கைவைத்து நின்று, "இந்த வரப்பு மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு. அப்படியே தைச்சுருவோம்" என்பீர்கள்.

நானோ தாவரவியல் படித்தவள். "செம்பருத்திக்கு அஞ்சு இதழ் அக்கா. நீங்க நாலுதான் வச்சிருக்கீங்க."

"கட்டத்துக்கு மூலை நாலுதானே, பி.எஸ்ஸி. அம்மா? அஞ்சாவது இதழ் பின்னாடி இருக்குன்னு வச்சுக்குங்க."

சிரித்திருக்கிறேன். உங்களோடு சிரித்த அளவுக்கு அந்த வீட்டில் வேறு யாரோடும் சிரித்ததில்லை.

பிள்ளைக்கு முதல் விரிப்பு பழைய துணியில்தான் இருக்க வேண்டும், அதுவும் பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீடுகளில் கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் தெருத்தெருவாகப் போனீர்கள். உறையூர்ச் சேலையின் சிவப்புக் கரை, யாரோ ஒரு தாத்தாவின் வேட்டி, பாவாடைத் துண்டு. நடுக்கட்டத்துக்கு மட்டும் எங்கேயும் போய்க் கேட்கவில்லை. உங்கள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வைத்தீர்கள்.

"இது எந்த வீட்டுத் துணி?"

"நல்ல வீட்டுத் துணிதான்."

அன்றைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. பெரியவன் பிறந்து மூன்றாம் மாதம், பங்குனி வெயிலில், பக்கத்துத் தெருவில் இரண்டு வாசல்களில் வேப்பிலை செருகினார்கள். அதன் பிறகு எந்தப் பதிலும் எனக்குப் போதவில்லை. பிள்ளைக்கு அம்மை குத்தியிருக்கவில்லை. சமயபுரத்தில் முடி இறக்கிய பிறகு பார்க்கலாம் என்று மாமியார் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. நுண்ணுயிர் பற்றிப் பரீட்சை எழுதியவள் நானும் வாயைத் திறக்கவில்லை.

மாமியாரைக் கேட்க முடியாத கேள்வியெல்லாம் உங்கள் மேல் திரும்பியது. உங்கள் மகள் நெற்றியில் இருந்த மூன்று அம்மைத் தழும்புகளை அதுவரை நான் பார்த்ததே இல்லையா, இல்லை, பார்த்தும் பார்க்காமல் இருந்தேனா? நீங்கள் குழந்தையைத் தூக்கினால் உங்கள் கை எங்கே படுகிறது என்று பார்த்தேன். விரிப்பை மடித்து வைத்துவிட்டு, "உச்சா போயிட்டான், காயப் போட்டிருக்கேன்" என்று பொய் சொன்னேன். வேறு வேறு பேச்சுக்கு நடுவில் மஞ்சள் துணியை மறுபடி மறுபடி இழுத்தேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் நழுவினீர்கள். கடைசியில் உங்கள் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்து, "அந்த மஞ்சத் துணி யாருது பாப்பா?" என்றேன்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள் அவள். மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சமயபுரம் கிளம்பினீர்கள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும், கொல்லையில் வெந்நீர் அடுப்பை மூட்டி, செப்புத் தவலையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து, இரண்டு கை சலவைச் சோடாவைப் போட்டு, விரிப்பை அதில் அமுக்கினேன். கோலால் புரட்டினேன். நடுக்கட்டம் மேலே வந்தது. மஞ்சள், என் கண்ணெதிரில், செங்கல் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது.

காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். கல்லூரிச் சோதனைச் சாலையில் மஞ்சள் தடவிய தாளில் நானே செய்து பார்த்த விஷயம். அப்படியானால் இது கடைச் சாயம் இல்லை, அரைத்து முக்கிய மஞ்சள், அம்மை இறங்கியபின் தண்ணீர் ஊற்றும்போது உடுத்துகிற துணி. என் சந்தேகம் ருசுவாகிவிட்டது.

கூட்டத்தில் பஸ் கிடைக்கவில்லை என்று நீங்கள் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டீர்கள். கொடியில் விரிப்பு சொட்டிக்கொண்டிருந்தது. உறையூர்ச் சிவப்பு ஓடி, அதில் தைத்திருந்த சம்பங்கி, மரிக்கொழுந்து எல்லாம் ஒரே சேற்று நிறமாகியிருந்தது. நீங்கள் அருகில் போய் நடுக்கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள்.

"சோடாவா?"

"ஆமாக்கா."

"எம் பொண்ணுக்கு மூணாந் தண்ணி ஊத்துனப்போ கட்டியிருந்த துணி. அஞ்சு வருசமா வெறுந்தண்ணியில அலசி நெழல்ல காயவச்சு எடுத்து வச்சிருந்தேன். அவளோட சேர்ந்து அந்தத் தெருவுல ஆறு புள்ளைங்க படுத்துச்சுங்க. எந்திரிச்சது இவ மட்டுந்தான். அதைவிட நல்ல துணி எங்கிட்ட இல்லை."

"இதை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே?"

"பச்சைப்புள்ளை இருக்கிற வீட்டுல அந்தப் பேரை எடுக்கலாமா?" பிறகு என்னைப் பார்த்தீர்கள். "அதோட, நீங்க எங்கே கேட்டீங்க? விசாரணையில்ல பண்ணுனீங்க. எம் புள்ளையையும் கூப்பிட்டு வச்சு."

ஒன்று மட்டும் இப்போதும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: என் பயம் பொய்யில்லை. அந்தத் துணியைக் குழந்தைக்கடியில் விரிக்க இன்றைக்கும் என்னால் முடியாது. ஆனால் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். உங்கள் டிரங்குப் பெட்டி முன்னால் போய் நின்றேன். மறுநாளே பெரியவனைத் தூக்கிக்கொண்டு தனியாக நகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மை குத்திக்கொண்டு வந்தேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் அவ்வளவு பயந்திருக்கிறேன்.

வைகாசியில் நீங்கள் மண்ணச்சநல்லூருக்கே குடிபோனீர்கள். வண்டியில் ஏறும்போது, "போயிட்டு வரேங்க" என்றீர்கள். பி.எஸ்ஸி. அம்மா என்று சொல்லவில்லை. முக்கால் மணி நேர பஸ் பயணம். ஏழு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட வரவில்லை.

சின்னவளின் விரிப்பை நானேதான் வரைந்தேன், நானேதான் தைத்தேன். அளவு பிசகவில்லை, செம்பருத்திக்கு ஐந்து இதழ். எல்லாம் கடைத்துணி, யார் உடம்பிலும் பட்டதில்லை. அவள் காலால் தள்ளிவிடுகிறாள். தள்ளிவிட்டு என் பழைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அதனால் நேற்று உங்கள் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் சேலையில் ஒரு முழம் கிடைக்குமா என்று கேட்டேன். அடுத்த வரியில், அம்மாவுக்கு என்ன உடம்பு என்று கார்டில் எழுதவில்லையே, எதில் போனார்கள் என்று கேட்டிருந்தேன். மை காய்வதற்குள் அது எதற்காகக் கேட்கிற கேள்வி என்று எனக்கே தெரிந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, சேலையை மட்டும் கேட்டு வேறு தாளில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

துணி வந்தால் முகர்ந்து பார்ப்பேன் அக்கா. அதை என்னால் விட முடியாது. முகர்ந்து பார்த்துவிட்டு வெட்டுவேன்.