பார்த்துக் கேட்டவளுக்கு

நேற்று பீரோவின் அடித்தட்டை ஒழித்தேன். பழைய சுடிதார்களுக்குக் கீழே ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்கள் கிடந்தன. இறுதியாண்டில் நாம் இரண்டு பேரும் போட்டுப் பார்த்த ஆங்கிலக் கேட்டல் பயிற்சித் தாள்கள். மை வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் உன் மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். நான் வாசித்தபோது ஒன்பது, போனில் கேட்டபோது மூன்று. நான் வாசித்தபோது பத்து, போனில் நான்கு. தாளுக்குத் தாள் இப்படியே. என் கையாலேயே இத்தனை முறை எழுதியும் எனக்கு ஏன் ஒன்றும் உறைக்கவில்லை என்று வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் கல்லூரி வளாகத்தில் நடக்கும் சாதாரணப் பேச்சுகள். நூலகத்தில் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தரும் மாணவன், விடுதியில் அறை மாற்றிக் கேட்கும் பெண், இந்த நாற்காலி காலியா என்று கேட்கும் புதியவர். வேலைக்கு ஆள் எடுக்க நம் கல்லூரிக்கு வரவிருந்த கம்பெனியின் முதல் சுற்றே இதுதான் என்று சொல்லியிருந்தார்கள். ஹெட்போனில் பேச்சு ஓடும், கேள்விக்குப் பதில் குறிக்க வேண்டும். நான் திருநகரிலிருந்தும் நீ அவனியாபுரத்திலிருந்தும் பசுமலையில் இருந்த கல்லூரிக்குச் சீக்கிரமே வந்து, முதல் மணி அடிக்கும்வரை கான்டீனில் உட்கார்ந்து பழகுவோம்.

கான்டீனில் நீதான் கெட்டிக்காரி. விடுதியில் தங்கியிருந்த வெளிமாநிலப் பெண்கள் பக்கத்து மேசையில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். டம்ளர் சத்தத்தில் எனக்குப் பாதிதான் காதில் விழும். நீ முழுசாகச் சொல்லிவிடுவாய்.

"அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளைக்கு ஊருக்குப் போக டிக்கெட் கெடச்சிருச்சாம். வார்டன்தான் லீவு தர மாட்டேங்குறாங்களாம்."

"இம்புட்டுச் சத்தத்துல உனக்கு மட்டும் எப்படிடி கேக்குது?"

"நீ வடையப் பாக்குற. நான் ஆளப் பாக்குறேன்."

நான் சிரித்தேன். நீ சொன்னது வெறும் கேலி என்று நினைத்தேன்.

ஆனால் பயிற்சிப் பேச்சின் ஒலிப்பதிவைப் போனில் போட்டால் தடுமாறுவாய். மூன்று முறை போட்டும் பதில் தப்பாகத்தான் வரும். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நான் வாசிச்சாத் தெரியுது, போன்ல போட்டா தெரியலயா? உனக்குக் கவனமே இல்ல. வேலை வேணுங்கிற நெனப்பாவது இருக்கா?" என்று கேட்டேன். நீ தாளை மடித்து என் பைக்குள் வைத்தாய். "நாளைக்குச் சரியாப் பண்றேன்" என்றாய். அந்த மடிப்பு இந்தத் தாள் ஒன்றில் அப்படியே இருக்கிறது.

அதற்கு மறுவாரம் மொழி ஆய்வகத்தில் நாம் இருவர் மட்டும் இருந்தபோது கரண்ட் போனது. ஜன்னல்களில் கனத்த திரை, பகலிலேயே உள்ளே கும்மிருட்டு. நான் நிறுத்தவில்லை. போன் வெளிச்சத்தைத் தாளின்மேல் பிடித்துக்கொண்டு உரையாடலைத் தொடர்ந்து வாசித்தேன். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. தூங்கிவிட்டாயோ என்று தோளைத் தொட்டேன்.

"லைட்ட உன் மூஞ்சிக்கு அடி" என்றாய்.

அடித்தேன். நீ என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு மெல்லப் புரிந்தது.

சின்ன வயதில் வந்த காதுவலியில் இடது காது முற்றிலும் போய்விட்டது, வலது காதில் பாதிதான் கேட்கும் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். உன் வீட்டை ஒட்டியே உன் அப்பாவின் லேத் பட்டறை. அந்த இரைச்சலில் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தபோது, கல்யாணம் ஆகும்வரை வெளியே சொல்லாதே என்று உன் அம்மா சொல்லிவிட்டார். நான் உன்னைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"கம்பெனில முன்னாடியே சொல்லிருவோம்டி" என்றேன்.

"பாவம் பாத்துக் குடுக்குற வேலை எனக்கு வேண்டாம்."

தேர்வு நாளில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஹெட்போனில் முதல் பேச்சு ஓடி முடிந்தது. நீ அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாய். கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரியிடம், எனக்குச் சரியாகக் காது கேட்காது, நீங்கள் எதிரே நின்று வாசித்தால் பதில் சொல்வேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அறையில் இருந்த அத்தனை பேரும் உன்னையே பார்த்தார்கள். அவர் வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். எங்கள் தேர்வு முடியும்வரை உன்னைக் காத்திருக்கச் சொல்லி, பிறகு ஒரு நாற்காலியை இழுத்து உன் எதிரே போட்டுக்கொண்டார்.

பட்டியலில் உன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. ரொம்பச் சந்தோஷம் என்று உன் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"உன் மூஞ்சி வேற சொல்லுதுடி" என்றாய். "கோவப்பட்டுக்க. ஆனா நாளைக்குக் கான்டீனுக்கு வந்துரு."

வந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தேன். அதை நீ ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

வேலையில் சேர்ந்த பிறகு காதுக்கு மெஷின் வாங்கினாய். அதை மறைக்க முடியை இறக்கி விடச் சொன்னார் உன் அம்மா. நீ தூக்கிக் கட்டினாய்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. நான் உள்ளே வந்தபோது மெஷினைக் கழற்றி உன் அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். உன்னைச் சுற்றி நின்ற எல்லோர் வாயையும் முகக்கவசம் மூடியிருந்தது. உன் கண்கள் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவிக்கொண்டே இருந்தன. நான் என் முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன்.

"மாஸ்க்கப் போடுங்கம்மா" என்றார் நர்ஸ்.

"சிஸ்டர், என் வாய் தெரிஞ்சாத்தான் அவளுக்குப் புரியும்."

அவர் உன்னை ஒருமுறை பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"இவங்கல்லாம் என்ன பேசுறாங்க? எனக்கு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க" என்றாய். ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்துவிட்டது, ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"பயப்படுற மாதிரியா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பேன். என் முகத்தை இத்தனை வருஷம் படித்தவளிடம் அது செல்லாது. "ஆமா" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். "நீயாவது சொன்னியே. அம்மாட்ட இப்படிச் சொல்லாத."

மறுநாள் நீ இல்லை.

நான் இப்போது ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு நாற்பது பேர். அதில் யாருக்கு என்ன குறை என்று நான் கேட்பதில்லை, அவர்களும் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒரே ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கரும்பலகையில் எழுதும்போது நான் பேசுவதில்லை. எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, அவர்கள் பக்கம் முழுசாகத் திரும்பி நின்ற பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.