நீ வரும்வரை தாங்க வேண்டிய குடைமிளகாய்

இன்று மதியம் ஒரு குடைமிளகாயை நறுக்கினேன். கத்தி இறங்கியதும் அந்தப் பச்சை வாசம் எழுந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் உன் விரல்களை விட்டுப் போகாத வாசம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பசியும் இல்லை. உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஜாசின் பசாரில் நீ காய்கறிக் கடை போட்டிருந்தாய். நான் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். காய்கறியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடுவது மட்டும்தான். கேமரன் மலையிலிருந்து வரும் குடைமிளகாயை நீ ஐஸ்பெட்டியில் வைக்கவே மாட்டாய். "பசார்ல ஐஸ்பெட்டியா இருக்கு? குளிர்ல இருந்து வெக்கைக்கு வந்தா வேர்த்து அழுகிடும்லா" என்பாய். வீட்டு ஹாலில் வெயில் எட்டாத மூலையில், சிமெண்டுத் தரையில், கழுவாமல், காம்பைக் கிள்ளாமல், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கூடையில் அடுக்குவாய். நான் அந்தப் பக்கம் போனாலே முறைப்பாய்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஒரு கூடை நிறையக் காய் இருந்தது. விற்றுவிடவா என்று கேட்டேன். "நீங்க வித்த மாதிரிதான். வைங்க, நானே வந்து விக்கிறேன்" என்றாய். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். காய் வாடுவதற்குள் நீ வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வேறு வேண்டுதல் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

காலையில் எழுந்ததும் கூடையைத்தான் பார்ப்பேன். பையில் நீர் கோத்திருந்தால் துடைத்தேன். அழுகத் தொடங்கியதை உடனே பிரித்து எடுத்தேன். காற்றாடியின் காற்று நேராகப் படாமல் நகர்த்தி வைத்தேன். நீ சொல்லிக்கொடுத்த எதையும் விடவில்லை. ஆனாலும் முதலில் காம்பு காய்ந்தது. பிறகு பளபளப்பு மங்கியது. அப்புறம் தோல் சுருங்கி, அழுத்தினால் விரல் உள்ளே போனது. எங்காவது தப்புச் செய்திருந்தால் என்னையே திட்டிக்கொண்டாவது இருக்கலாம். ஒரு தப்பும் இல்லை. காயிலிருந்த தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

சாயங்காலம் போனில் கேட்பாய்.

"காயி எப்படிங்க இருக்கு?"

"கெட்டியா இருக்கும்மா."

"பச்சை ஏதாச்சும் செவந்துச்சா?"

"ஆமா, ரெண்டு மூணு அழகா செவந்திருக்கு."

சிரித்தாய். "செவக்கிற அளவுக்கு நாளாயிருச்சு, இன்னும் எப்படிங்க கெட்டியா இருக்கும்? பொய்யும் சொல்லத் தெரியலலா உங்களுக்கு." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, வலிக்கிறதா என்று மலாய்த் தாதி உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ "போலே தாஹான்" என்றாய். பசாரில் நாள் முழுக்க நீ சொன்ன சொல் அது. காய் தாங்குமா என்று கேட்டாலும் அதே பதில், வியாபாரம் எப்படி என்று கேட்டாலும் அதே பதில். தாங்கும் என்றும் பொருள், பரவாயில்லை என்றும் பொருள். தாதி தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் உன் கையைப் பிடித்தேன். தோல் தளர்ந்து கிடந்தது. நீ என் பக்கம் திரும்பி, "தாங்கலைங்க" என்றாய்.

தாதியை மறுபடி கூப்பிட்டேன். ஊசி போட்டார்கள். தூங்கினாய். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாய்.

கடையை விட மனம் வரவில்லை. இப்போது நான்தான் நிற்கிறேன். உன் வாய் எனக்கு இல்லை, வாடிக்கையும் பாதிதான் மிச்சம். நேற்று ஒரு மலாய்க்கார அக்கா குடைமிளகாயை அழுத்திப் பார்த்து, சனிக்கிழமை விருந்துவரை வெளியிலேயே வைத்தால் தாங்குமா என்று கேட்டார். அன்று காலைதான் லாரியில் வந்த காய். தாங்கும், எனக்கே தெரியும். ஆனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை. இன்றைக்கே சமைத்துவிடுங்கள் அக்கா என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காயைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

நல்ல காயை வைத்துக்கொண்டு இப்படியா பேசுவது என்று நீ கத்தியிருப்பாய். அவர் போட்டுவிட்டுப் போன காயை எடுத்து நேராக அடுக்கினேன். யாரும் கத்தவில்லை.