மோரிதா அம்மாவின் சட்டி

தாமுவே, ரங்கூன்

அன்பு மகள் பவானிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், கடையும் சுகம். பனியில் நீயும் சளி பிடிக்காமல் சுகமாயிருக்கக் காளியம்மன் பார்த்துக்கொள்வாள்.

நான் வேலை செய்கிற ஊர் இப்படித்தான், பாருங்கள் என்று நீ அனுப்பிய ஜப்பான் கார்ட்டூனைக் கரண்ட் வந்த நேரமெல்லாம் உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டோம். படத்துக்கு அடியில் பர்மிய எழுத்து ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது, அப்பாதான் வாசித்துச் சொன்னார், பாதி அவரே இட்டுக்கட்டியது என்று எனக்குச் சந்தேகம். பட்டணத்துப் பெண் மலையடிவாரத் தபாலாபீசுக்கு வேலைக்கு வருகிறாள், இருக்கிற ஒரு பஸ்ஸையும் தவறவிடுகிறாள், மாடு வழிமறிக்கிறது, சண்டையுமில்லை சதியுமில்லை, இதிலென்ன கதை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சட்டி வந்தது. பக்கத்து வீட்டம்மாள் சட்டியில் குழம்பு தருகிறாள், வெறும் சட்டியைத் திருப்புவதா என்று இவள் பழம் வைத்துத் தருகிறாள், அவள் முள்ளங்கி வைக்கிறாள், இவள் பலகாரம், நிறுத்தத் தெரியாமல் இரண்டு பேரும் திண்டாடுகிறார்கள். நம் பவானியேதான் என்று அப்பா சிரித்த சிரிப்பில் டீயைக் கைலியில் கொட்டிக்கொண்டார்.

நீயும் இதைத்தானே போனில் சொல்லி அலுத்துக்கொண்டாய். வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது என்று உன்னை வளர்த்தது நான், அங்கேயும் ஒருத்தி அப்படியே வளர்ந்திருப்பாள் என்று யார் கண்டது. பக்கத்து வீட்டு மோரிதா அம்மா கிழங்கு தர, நீ வடை தர, வேலை விட்டு வந்து அடுப்படியில் நிற்கவே சரியாயிருக்கிறது, ஒசாகா முதியோர் இல்லத்துக்கு மாற்றம் தருகிறார்கள், போய்விடட்டுமா என்றாய். சம்பளம் கூட என்றதும் நானும் போ என்றேன். இப்போது வேண்டாம் என்கிறேன். அம்மா பேச்சு மாறுகிறாள் என்று நினைக்காதே, சரக்கைப் பிரித்துப் பார்த்தபின் விலையை மாற்றிச் சொல்வது எங்கள் தொழிலில் உண்டு. தை மாதம் நீ காய்ச்சலில் கிடந்தபோது, சட்டி வரவில்லையே என்று மோரிதா அம்மா பனியில் நடந்து வந்து கதவைத் தட்டினார், சட்டிமேல் அவருக்கு அவ்வளவு ஆசை என்று நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுச் சட்டியை எடுக்காமலே போனார் என்பதையும் நீதான் சொன்னாய். கடையில் நிற்கிற எனக்குத் தெரியாதா, சரக்குக்கு வருகிறவர் யார், ஆளைப் பார்க்கச் சாக்குத் தேடி வருகிறவர் யார் என்று. ஒசாகாவில் சம்பளம் கிடைக்கும், கதவைத் தட்ட ஆள் கிடைக்குமா.

தினமும் வடை சுடாதே. கார்ட்டூனில் கடைசியில் செய்வதுபோல் அவரை வீட்டுக்கே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடு. மிளகாயைக் குறை, மூக்கைச் சிந்திக்கொண்டே நன்றாயிருக்கிறது என்பவரை நம்பாதே. இங்கே ரங்கூனில் தாகேதாப் பக்கம் இருக்கிற சஜிதா அங்கே வரும்போது அவளிடம் அப்பளமும், ஊறுகாய்போல் தின்கிற நம் ஊறிய தேயிலையும் கொடுத்துவிடுகிறேன். தேயிலையைப் பகலில் கொடு, சாயங்காலம் கொடுத்தால் பாவம் அந்த அம்மா விடிய விடிய விழித்திருப்பார்.

மாதக் கடைசிக்குள் ஒசாகா மாற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, மறந்துவிடாதே. சம்பாதிக்கிற பிள்ளையை அதட்ட முடியாது, முடிவு உன்னுடையது. ஒசாகா வேண்டாம் என்று எழுதிவிட்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல். நீ போனை எடுக்காத நாட்களில் கண்டதையும் நினைத்துப் பயப்படுவதை அன்றோடு விட்டுவிடுவேன். நீயும் நன்றாயிரு, உன் பக்கத்து வீடும் நன்றாயிருக்கட்டும்.

உன் அம்மா,
புஷ்பலதா