கதவு எந்தப் பக்கம்

திருகோணமலை
28.09.1977

என் அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். அங்கே ஆபிரிக்காவில், லுசாக்காவில் நீங்கள் சுகமாக இருக்கக் கோணேசரை மன்றாடுகிறேன். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. போன மாதக் கலவரத்தில் நம் வீட்டில் ஒரு கீறலும் விழவில்லை என்று கேள்விப்பட்டு, நீங்கள் வரைந்த வீடே எங்களைக் காப்பாற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அதை வாசித்ததும் வந்த கோபத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

றோட்டுப் பக்கம் முழுவதும் ஒரே சீமெந்துச் சுவர், கதவு பின்னால் துறைமுகத்தைப் பார்த்தபடி. பூச்சும் வேண்டாம், பெயின்றும் வேண்டாம் என்றீர்கள். புதிதாக வருபவர்கள் வாசல் தெரியாமல் றோட்டில் நின்று விழித்தால் உங்களுக்குச் சிரிப்பு. தேடி வாறவைக்குத்தான் வீடு என்பீர்கள். பக்கத்து வீட்டுக் குலசிங்கம் அண்ணர், சுவர் தன் வீட்டுக் காற்றை மறிக்கிறது என்று உங்களோடு சண்டை பிடித்தாரே, அன்றிலிருந்து அவர் நம் வளவில் கால் வைத்ததே இல்லை.

கலவரத்தன்று மத்தியானம் லொறியில் வந்து இறங்கினார்கள். கையில் இரும்புக் கம்பி, வாள், பெற்றோல் கான். முதலில் அண்ணர் வீட்டு முன்கதவை உடைத்துத் தீ வைத்தார்கள். அண்ணரின் மனுசி நல்லம்மா அக்கா மதிலேறிக் குதித்துக் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டார். அண்ணர் நம் வீட்டுக்கு ஓடி வந்தார். இரண்டு கையாலும் சுவரில் அடித்து, தங்கச்சி கதவைத் திறவுங்கோ, வெட்டப் போறாங்கள் என்று கத்தினார். எந்தக் கதவைத் திறப்பேன்? பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பின்கதவால் ஓடி, பின்னால வாங்கோ அண்ணை, பின்னால என்று தொண்டை கிழியக் கத்தினேன். நெருப்பின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

சுவர் மூலை வரை போனேன். அதற்கு மேல் போகவில்லை. அவரைக் கம்பியால் தலையில் அடித்தார்கள். விழுந்தவரை வாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகும் அவர் சுவரைத் தடவித் தடவித் தவழ்ந்தார். கதவைத் தேடினார், அத்தான். நான் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டேன். இது வீடில்லை, தண்ணீர்த் தாங்கி என்று ஒருவன் சிங்களத்தில் சொல்வது கேட்டது. போய்விட்டார்கள்.

சுவருக்குச் சவுக்காரம் போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துப் பார்த்தேன். பூசாத சீமெந்து இரத்தத்தை உறிஞ்சிவிட்டது. கைத்தடங்கள் போகவில்லை.

நல்லம்மா அக்கா பள்ளிக்கூட முகாமில் இருக்கிறார். சோறும் ஒரு சேலையும் கொண்டுபோனேன். என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். உங்கட வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பிள்ளை என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எங்கட மனுசனுக்கு அது தெரியேல்லை என்றார்.

முந்தநாள் நம் வீட்டைக் கட்டிய தாஹிர் மேசனைக் கூப்பிட்டு, அந்தத் தடங்கள் இருக்கும் இடத்தில் சுவரை உடைக்கச் சொன்னேன். ஐயா கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது என்று தயங்கினார். சம்மட்டியை வாங்கி முதல் அடியை நானே அடித்தேன். இன்று கதவு நிலை வைத்தாயிற்று. நல்லம்மா அக்காவை நம்மோடு வந்து இருக்கக் கேட்டிருக்கிறேன். இன்னும் ஓம் சொல்லவில்லை.

திரும்பவும் அவர்கள் வந்தால் இப்போது கதவு தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும்தான். அதை நினைத்து நித்திரையில்லாமல் கிடக்கிறேன். என்னைத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அதை அடைக்கச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கோணேசர் உங்களைக் காக்கட்டும். எங்களையும், அந்தக் கதவால் ஓடி வருபவர்களையும் காக்கட்டும்.

உங்கள்
இராசமலர்